உருளைக்கிழங்கில் ஆரம்பித்து மெண்டலின் பட்டாணி வரை: மாணவர்களுக்கான உயிரியல் ஆய்வு வழிகாட்டி

உயிரியல் புராஜெக்ட் என்றதும் முக்கால்வாசிப் பேர் நேராகக் கடைக்குப் போய் தெர்மாகோல் வாங்கி, செல்லுக்குப் பச்சை, உட்கருவுக்குச் சிவப்பு என்று பெயின்ட் அடித்து, பக்கத்தில் ஒரு டி.என்.ஏ ஏணியை நிற்க வைத்துவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் கண்டுபிடிக்க ஒன்றும் கிடையாது. விடை ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கிறது, அதை வெட்டி ஒட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். இந்த வழிகாட்டி அதற்கு மாற்று. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படிப்பவர்கள், பெரும்பாலும் சமையலறையிலும் மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும் பொருட்களை வைத்து, விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்து அதற்கு எண்ணால் பதில் காண்பது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

இந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் நொதி (என்சைம், செல்லின் வேதிவினைகளை வேகப்படுத்துவது) ஒரு பாடம், மரபியல் வேறொரு பாடம், சில நேரம் இரண்டுக்கும் நடுவே ஒரு வருஷமே ஓடிவிடும். செல்லுக்குள் அப்படிப் பிரிவினை இல்லை. ஒரு மரபணு பெரும்பாலும் செய்கிற வேலை ஒரு புரதத்தை எப்படிக் கட்டுவது என்று சொல்வது, அந்தப் புரதங்களில் ஏராளமானவை நொதிகள். 1941-இல் பீடில், டேட்டம் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் நியூரோஸ்போரா என்ற ரொட்டிப் பூஞ்சையின் மரபணுவைக் கெடுத்தால் வளர்சிதை மாற்றத்தில் ஒரு குறிப்பிட்ட படி நின்றுபோகிறது என்று காட்டினார்கள், 1958-இல் அதற்காக நோபல் பரிசும் வாங்கினார்கள். அதனால் இங்கே சொல்லும் சோதனைகளைத் தனித்தனி வித்தைகளாகப் பார்க்காதீர்கள். எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. இரண்டை எடுத்து ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாலம் போட்டாலே நல்ல புராஜெக்ட் ஆகிவிடும்.

படி 1: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"நொதிகள் பற்றி ஓர் ஆய்வு" என்பது தலைப்பு, கேள்வி அல்ல. "கேழ்வரகை எத்தனை நாள் முளைகட்டினால் அதில் அமைலேஸ் அதிகமாக இருக்கும்?" என்பது கேள்வி (அமைலேஸ் என்பது மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி). வித்தியாசம் என்னவென்றால் இரண்டாவதில் நீங்கள் எதை மாற்றப் போகிறீர்கள் (நாள்), எதை அளக்கப் போகிறீர்கள் (அமைலேஸின் வேகம்) என்று இரண்டும் வாக்கியத்திலேயே இருக்கின்றன. உங்கள் கேள்வியில் இந்த இரண்டையும் அடிக்கோடிட முடியவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் யோசியுங்கள், பொருள் வாங்கப் போகாதீர்கள்.

மாற்றுவது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும்: அதே கிழங்கு, அதே அளவு தண்ணீர், அதே வெப்பநிலை, நேரம் பார்ப்பதும் அதே ஆள். ஆளைக் கூடவா என்று கேட்கலாம். அடுத்த படியில் ஒரு காகித வட்டு மிதந்து மேலே வரும் நேரத்தை அளக்கப் போகிறோம். "வட்டு இப்போது மேலே வந்துவிட்டது" என்று இரண்டு பேர் சொல்லும் கணம் ஒன்றாக இருக்காது, அதனால்தான்.

அப்புறம் ஒரு நோட்டு. ரஃப் பேப்பரில் எழுதி அப்புறம் ஃபேர் செய்யும் பழக்கத்தை இதில் விட்டுவிடுங்கள். அளந்ததை அளந்த நேரத்திலேயே, அடித்தல் திருத்தலோடு, தேதியும் அறையின் வெப்பநிலையும் போட்டு எழுதுங்கள். மே மாதச் சென்னையின் "அறை வெப்பநிலை" வேறு, டிசம்பர் மாத ஊட்டியின் அறை வெப்பநிலை வேறு.

படி 2: கேட்டலேஸ், உருளைக்கிழங்கு, ஒரு வட்டக் காகிதம்

நொதி ஆய்வுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. ஹைட்ரஜன் பெராக்சைடு செல்லுக்குள் உண்டாகும் ஒரு நச்சுக் கழிவு. கேட்டலேஸ் என்ற நொதி அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடுகிறது. நம் கல்லீரலில் இது ஏராளம், உருளைக்கிழங்கிலும் தாராளமாக உண்டு. ஆக்சிஜன் குமிழியாக வருவதால் வேகத்தைக் கண்ணால் பார்த்து அளக்கலாம்.

வேண்டியவை: மெடிக்கல் ஷாப்பில் காயம் கழுவ விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு (லேபிளில் 6 சதவீதம் அல்லது 20 வால்யூம் என்று இருக்கும்), 100 கிராம் உருளைக்கிழங்கு, வடிதாள், தாளில் ஓட்டை போடும் பஞ்ச், ஒரே அளவுள்ள கண்ணாடி டம்ளர்கள், இடுக்கி, செல்போன் ஸ்டாப்வாட்ச், ஐஸ். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். 6 சதவீதக் கரைசல் தோலில் பட்டால் வெளுத்து எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து.

முதலில் கரைசல்கள். ஒவ்வொரு டம்ளரிலும் மொத்தம் 60 மி.லி. இருக்கும்படி வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். 6 சதவீதக் கரைசலில் 5 மி.லி.யோடு 55 மி.லி. தண்ணீர் சேர்த்தால் 0.5 சதவீதம், 10-உம் 50-உம் சேர்த்தால் 1 சதவீதம், 20-உம் 40-உம் என்றால் 2, 30-உம் 30-உம் என்றால் 3. எல்லா டம்ளரிலும் கரைசலின் உயரம் ஒன்றாக இருப்பது முக்கியம், ஏன் என்று இதோ வருகிறது.

கிழங்கைத் தோல் சீவி 100 மி.லி. குளிர்ந்த தண்ணீரோடு மிக்ஸியில் அரைத்து, துணியில் வடிகட்டி, அந்தச் சாற்றை ஐஸ் மேல் வையுங்கள். சற்று நேரத்தில் அது பழுப்பாகும். பயப்பட வேண்டாம், அது பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற இன்னொரு நொதியின் வேலை (அதையே தனி ஆய்வாக எடுக்கலாம், வாழைப்பூவும் கத்தரிக்காயும் நறுக்கியதும் மோரிலோ தண்ணீரிலோ ஏன் போடுகிறோம் என்பதற்கு அதில்தான் பதில்).

பஞ்சில் வெட்டிய வட்டு ஒன்றை இடுக்கியால் பிடித்து சாற்றில் ஐந்து விநாடி முக்கி, ஓரத்தில் தட்டி அதிகப்படியானதை வடியவிட்டு, பெராக்சைடின் அடியில் கொண்டுபோய் விடுங்கள். வட்டின் மேல் ஆக்சிஜன் குமிழிகள் சேரச் சேர அது மெல்ல மேலே மிதந்து வரும். விட்ட கணத்திலிருந்து மேற்பரப்பைத் தொடும் வரை எத்தனை விநாடி? அதுதான் உங்கள் அளவு. உயரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். ஒவ்வொரு செறிவுக்கும் ஐந்து வட்டாவது செய்து சராசரி எடுங்கள், ஒவ்வொரு முறையும் புது வட்டு.

இத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு கட்டுப்பாட்டுச் சோதனைகள். வெறும் தண்ணீரில் நனைத்த வட்டு ஒன்று, நன்றாகக் கொதிக்க வைத்து ஆறிய சாற்றில் நனைத்த வட்டு ஒன்று. இரண்டுமே அடியில் கிடக்க வேண்டும். தண்ணீர் வட்டே மிதந்து வந்தால் காகிதத்துக்குள் காற்று சிக்கியிருக்கிறது, அல்லது டம்ளரில் ஏதோ ஒட்டியிருக்கிறது, அதைச் சரி செய்யாமல் மேலே போகாதீர்கள்.

வரைபடம் போட்டால் ஆரம்பத்தில் செறிவு கூடக் கூட வேகமும் ஏறும், பிறகு ஏற்றம் மட்டுப்படும். பெராக்சைடு எவ்வளவு இருந்தாலும் வட்டில் ஒட்டியிருக்கும் நொதி மூலக்கூறுகளின் எண்ணிக்கை அவ்வளவுதான், எல்லாமே வேலையில் இருக்கும்போது கூடுதல் பெராக்சைடு காத்திருக்க வேண்டியதுதான். 3 சதவீதம் வரைக்கும் உங்கள் கோடு வளையவே இல்லை என்றாலும் பரவாயில்லை, அதை அப்படியே எழுதுங்கள். சாற்றை இன்னும் நீர்க்கச் செய்தால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி.

வெப்பநிலையை மாற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள் பெராக்சைடையும் சாற்றையும் தனித்தனியாக அந்த வெப்பநிலைக்குக் கொண்டுவந்து சில நிமிடம் வைத்து, அப்புறம்தான் சேர்க்க வேண்டும். 10, 20, 30 என்று 60 டிகிரி வரை போகலாம். சூட்டில் பெராக்சைடு தானாகவே உடையும், தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றும் குமிழியாக வெளியே வரும், அதனால் ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஒரு தண்ணீர் வட்டு தேவை. பொதுவாக ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகி, ஓர் உச்சத்துக்குப் பிறகு நொதியின் வடிவம் குலைந்து சரியும். சயாமீஸ் பூனையின் காதும் வாலும் கால்நுனியும் மட்டும் ஏன் கறுப்பு என்று இந்த இடத்தில் யோசித்துப் பாருங்கள். அதன் நிறமி தயாரிக்கும் நொதி, மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால், உடம்பின் சூட்டில் சரியாக வேலை செய்யாது, குளிர்ந்த பகுதிகளில் மட்டும் வேலை செய்யும்.

பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) சோதனைக்கு, அந்த அளவை மாறாமல் வைத்திருக்கும் பஃபர் கரைசலைப் பள்ளி ஆய்வகத்தில் வாங்குவதுதான் சரி. எலுமிச்சையும் ஆப்ப சோடாவும் வைத்துச் சமாளிக்கப் பார்ப்பவர்கள் இரண்டையும் ஒரே டம்ளரில் கலந்துவிடக் கூடாது. அதில் வரும் குமிழி கார்பன் டை ஆக்சைடு, உங்கள் நொதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

படி 3: முளைகட்டிய கேழ்வரகில் அமைலேஸ்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி, சாதா மாவில் காய்ச்சியதைவிட நீர்த்து இருக்கும் என்பது குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிய எல்லா வீட்டுக்கும் தெரியும். முளைக்கும் விதை அமைலேஸை உருவாக்கி, சேமித்த மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைப்பதன் விளைவு அது. ஆனால் எந்த நாளில் உச்சம்? உங்கள் வீட்டுக் கேழ்வரகுக்கு அதை நீங்கள்தான் அளந்து சொல்ல வேண்டும்.

முளைத்த தானியம் தண்ணீர் குடித்து எடை கூடியிருக்கும், ஆகவே முளைத்த பிறகு 10 கிராம் எடுத்தால் தானிய எண்ணிக்கை நாளுக்கு நாள் குறையும். முதலிலேயே உலர்ந்த தானியத்தை 10 கிராம் வீதம் தனித்தனி மூட்டையாகக் கட்டிவிடுங்கள். இன்னொன்று, ஒரே நாளில் ஊறப்போட்டு தினம் ஒன்றாகச் சோதிக்காதீர்கள், தினமும் வெப்பநிலையும் அயோடின் கரைசலும் மாறும். மாறாக ஒரு மூட்டையை நான்கு நாள் முன்பு, அடுத்ததை மூன்று நாள் முன்பு என்று ஊறப்போட்டு வந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே கையால், ஒரே கரைசலில் சோதிக்கலாம். முளைக்காத ஒரு மூட்டையும், நான்கு நாள் முளைத்துக் கொதிக்க வைத்த ஒன்றும் கட்டுப்பாட்டுக்கு.

1 கிராம் கார்ன்ஃப்ளாரையோ மரவள்ளி ஸ்டார்ச்சையோ கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் தண்ணீரில் ஊற்றிக் கிளறி, 100 மி.லி. ஆக்கி ஆறவிடுங்கள். ஒவ்வொரு மூட்டையையும் 50 மி.லி. குளிர்ந்த தண்ணீரில் அரைத்து, துணியில் வடித்து, 15 நிமிடம் அசையாமல் வைத்து மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். அடியில் தங்குவது கேழ்வரகின் சொந்த மாவு, அது கலந்தால் கணக்கு கெடும்.

வெள்ளை டைலிலோ பீங்கான் தட்டிலோ அயோடின் துளிகளை வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வக அயோடின் இல்லாவிட்டால் பெட்டாடைனைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்தாலும் போதும். 10 மி.லி. ஸ்டார்ச் கரைசலில் 5 மி.லி. தெளிவைக் கலந்த கணத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்தி, ஒவ்வொரு நிமிடமும் ஒரு துளி எடுத்து ஓர் அயோடின் துளியில் விடுங்கள். முதலில் கருநீலம், பிறகு ஊதா, பழுப்பு, கடைசியில் அயோடினின் சொந்த மஞ்சளே மாறாமல் நிற்கும். அந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நிமிடத்திலேயே முடிந்துவிட்டால் எல்லாத் தெளிவையும் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி செய்யலாம்.

அமிலத்தில் என்ன ஆகிறது என்று பார்க்க எலுமிச்சைச் சாறு சேர்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி அயோடினின் நிறத்தையே போக்கிவிடும். ஸ்டார்ச் அப்படியே இருக்க, நிறம் மட்டும் மறைய, நொதி பிரமாதமாக வேலை செய்தது என்று எழுதிவிட்டு வந்துவிடுவீர்கள். வினிகர் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: நொதியிலிருந்து மரபணுவுக்குப் பாலம்

முளைக்கும்போது அமைலேஸ் கூடுகிறது, சரி. யார் கூட்டச் சொன்னது? பார்லி, கோதுமை, நெல் போன்ற தானியங்களில் இதன் பதில் நன்றாகத் தெரிந்த ஒன்று. தண்ணீர் பட்டதும் கரு ஜிப்ரெலின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது, விதையின் ஓரத்திலுள்ள அலியுரோன் அடுக்கு அதைப் பெற்றதும் ஆல்ஃபா அமைலேஸ் மரபணுக்களை இயக்கி நொதியைச் சுரக்கிறது. இதை உங்கள் மேஜையிலேயே காட்ட முடியும், பிளஸ் ஒன் மாணவருக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் எனக்குத் தெரியாது.

100 மி.லி. தண்ணீரில் 1.5 கிராம் சைனா கிராஸும் 1 கிராம் ஸ்டார்ச்சும் சேர்த்துக் கொதிக்க வைத்து, மூடியுள்ள சின்னத் தட்டுகளில் மெல்லியதாக ஊற்றி உறையவிடுங்கள். மளிகைக்கடையில் வாங்கிய முழுக் கோதுமையை (விதைக்கடையில் மருந்து தடவியது வேண்டாம்) பத்தில் ஒரு பங்கு பிளீச் கரைசலில் பத்து நிமிடம் போட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் ஐந்து முறை அலசி, அதே மாதிரித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் சுத்தமான பிளேடால் குறுக்கே இரண்டாக வெட்டினால் ஒரு பாதியில் கரு இருக்கும், மயிர் முனைப் பாதியில் இருக்காது. வெட்டிய முகம் கீழே படும்படி வையுங்கள்: கருவுள்ள பாதிகள் ஒரு தட்டில், கரு இல்லாதவை ஒரு தட்டில், கரு இல்லாதவையே ஜிப்ரெலிக் அமிலம் கலந்த மூன்றாவது தட்டில், வேகவைத்த பாதிகள் நான்காவதில். ஜிப்ரெலிக் அமிலம் திராட்சைத் தோட்டக்காரர்கள் தெளிப்பது, உர மருந்துக் கடையில் கிடைக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவே போதும், உறைவதற்கு முன் சற்று ஆறிய கலவையில் சேருங்கள்.

இரண்டு நாள் கழித்து விதைகளை எடுத்துவிட்டு அயோடின் ஊற்றுங்கள். தட்டு முழுக்கக் கருநீலமாகும், அமைலேஸ் வேலை செய்த இடத்தில் மட்டும் தெளிந்த வளையம் நிற்கும். வளையத்தின் விட்டத்தை மி.மீ.யில் அளந்து தட்டுக்குத் தட்டு ஒப்பிடுங்கள். கரு இல்லாத பாதியைச் சுற்றிச் சின்ன மங்கல் வளையம் தெரிந்தால் சோதனை தோற்றது என்று அர்த்தமில்லை. கோதுமையில் முளைப்பதற்கு முன்பே பீட்டா அமைலேஸ் கொஞ்சம் இருக்கும். கவலைப்பட வேண்டியது பூஞ்சைக்கு. பூஞ்சையும் அமைலேஸ் சுரக்கும், பஞ்சு பூத்த விதையின் வளையத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், எத்தனை விதையை ஒதுக்கினீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள்.

படி 5: டி.என்.ஏ பிரித்தெடுத்தல், சுருக்கமாக

எல்லோரும் செய்வது, அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாதி வாழைப்பழத்தை மசித்து, அரை டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து நுரைக்காமல் கலக்கி, பத்து நிமிடம் கழித்து வடிகட்டி, ஃப்ரீசரில் வைத்த ஆல்கஹாலை ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள். நடுவே வெள்ளையாக நூல் நூலாகத் திரளும். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், ஆல்கஹால் தீப்பிடிக்கும். 1869-இல் ஜெர்மனியின் டூபிங்கனில் மீஷர் என்ற சுவிஸ் ஆய்வாளர் சீழ் படிந்த கட்டுத் துணிகளிலிருந்து எடுத்துக்கொண்டிருந்ததும் இதே பொருள்தான்.

ஆனால் இது செய்முறை விளக்கம், ஆய்வு அல்ல. அந்த வெள்ளைத் திரள் சுத்தமான டி.என்.ஏவும் அல்ல, புரதமும் பெக்டினும் அதில் ஒட்டியிருக்கும், ஆகவே அதை எடைபோட்டு "எந்தப் பழத்தில் டி.என்.ஏ அதிகம்" என்று முடிவு கட்டாதீர்கள். ஆய்வாக்க வேண்டுமானால் வடிகட்டிய கரைசலை இரண்டாகப் பிரித்து ஒன்றில் அன்னாசிச் சாறு சேருங்கள், மற்றதில் கொதிக்க வைத்து ஆறிய அன்னாசிச் சாறு. அன்னாசியின் புரொமெலைன் புரதத்தை உடைக்கும் நொதி. திரளின் தோற்றம் மாறுகிறதா என்று, எது எதுவென்று தெரியாத நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். புரொமெலைன் வேலை செய்கிறதா என்பதைத் தனியாகச் சோதிக்க ஜெலட்டின் ஜெல்லியில் ஒரு துண்டு, சைனா கிராஸ் ஜெல்லியில் ஒரு துண்டு வைத்தால் போதும். ஜெலட்டின் புரதம், இளகும். சைனா கிராஸ் கடல்பாசியிலிருந்து வரும் கார்போஹைட்ரேட், அசையாது.

படி 6: மெண்டலின் பட்டாணி, அதற்குள் ஒரு நொதி

பட்டாணிச் செடிகளைக் கலப்பினம் செய்து கண்ட முடிவுகளை மெண்டல் 1865-இல் கூட்டத்தில் வாசித்தார், அடுத்த ஆண்டு அச்சில் வந்தது. இரண்டாம் தலைமுறையில் அவர் எண்ணிய விதைகள்: உருண்டை 5474, சுருங்கியவை 1850. சுருக்கத்துக்குக் காரணம் 1990-இல்தான் தெரிந்தது: ஸ்டார்ச்சைக் கிளைக்க வைக்கும் ஒரு நொதியின் மரபணுவுக்குள் வேறொரு டி.என்.ஏ துண்டு புகுந்து அதைக் கெடுத்திருக்கிறது. கிளைத்த ஸ்டார்ச் குறைகிறது, சர்க்கரை தேங்குகிறது, சர்க்கரை அதிகத் தண்ணீரை இழுக்கிறது, விதை ஊதிப் பெருக்கிறது, காயும்போது தோல் சுருங்குகிறது. ஆக, மெண்டல் எண்ணியது ஒரு நொதி இருப்பதையும் இல்லாததையும்தான்.

இதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். மளிகைக்கடையின் உருண்டைக் காய்ந்த பட்டாணி ஒன்று, விதைக்கடையில் கிடைக்கும் ஆர்க்கெல் போன்ற சுருங்கிய ரகம் ஒன்று. ஊறவைத்து, ஊசியால் கொஞ்சம் சுரண்டி, ஒரு துளி நீர்த்த அயோடினில் வைத்துப் பாருங்கள். உருண்டையின் ஸ்டார்ச் மணிகள் முழுசான முட்டை வடிவில் இருக்கும், சுருங்கியதில் பிளந்து, துண்டு துண்டாகச் சேர்ந்த மணிகளாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் நூறு மணி எண்ணி எத்தனை பிளந்தவை என்று போட்டால் எண் கிடைத்துவிட்டது. (விதைநேர்த்தி செய்த விதையைக் கையுறையோடு தொடுங்கள், மிச்சத்தைச் சமைக்காதீர்கள்.)

கலப்பினம் செய்து பார்க்க ஆசையிருந்தால் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் முயலலாம். சமவெளி வெயிலுக்குப் பட்டாணி ஒத்துவராது, இரண்டு தலைமுறைக்குப் பள்ளி ஆண்டும் போதாது. பதிலாக இரண்டு நாணயம் எடுங்கள். ஒவ்வொரு நாணயமும் ஒரு பெற்றோர், பூ விழுந்தால் கெட்ட அல்லீல் (அல்லீல் என்பது ஒரே மரபணுவின் மாற்று வடிவம்), தலை விழுந்தால் நல்லது. இரண்டும் பூவானால் மட்டும் சுருங்கிய விதை. நான்கில் ஒன்று சுருங்கியது என்ற கணக்கில், 40 முறை சுண்டினால் 30-க்கு 10 வர வேண்டும், உங்களுக்கு 26-க்கு 14 வருகிறது என்று வையுங்கள். மெண்டல் தப்பா?

விலகல் தற்செயலா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனை (chi-square) இதற்குத்தான். ஒவ்வொரு வகைக்கும் வந்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்து, வர்க்கமாக்கி, எதிர்பார்த்ததால் வகுத்து, கூட்டுங்கள். 16-ஐ 30-ஆல் வகுத்தால் 0.53, 16-ஐ 10-ஆல் வகுத்தால் 1.6, மொத்தம் 2.13. இரண்டே வகை இருக்கும்போது எல்லை 3.84, அதற்குள் இருப்பதால் இது தற்செயலாக வரக்கூடிய விலகல்தான். இப்போது வகுப்பு முழுக்கச் சேர்ந்து 400 முறை சுண்டி அதே விகிதத்தில் 260-க்கு 140 வந்தால்? 1600-ஐ 300-ஆலும் 100-ஆலும் வகுத்துக் கூட்டினால் 21.3. விகிதம் அதேதான், ஆனால் இந்தத் தடவை நாணயத்தையோ சுண்டிய கையையோ சந்தேகப்பட வேண்டும். மெண்டலின் உருண்டை-சுருக்க எண்களுக்குப் போட்டுப் பாருங்கள், 0.26 வரும். அவருடைய எல்லா எண்களையும் சேர்த்துப் பார்த்த புள்ளியியலாளர் ஃபிஷர் 1936-இல் இவை நம்பமுடியாத அளவுக்கு நன்றாகப் பொருந்துகின்றனவே என்று கேள்வி எழுப்பினார், அந்த விவாதம் ரொம்ப காலம் ஓடியது.

படி 7: மனிதர்களைத் தொடும்போது

நாக்கைச் சுருட்டுவது, காதுமடல் ஒட்டியிருப்பது ஆகியவற்றை வைத்து வகுப்பில் மரபியல் கணக்கெடுப்பு நடத்துவது வழக்கம். விட்டுவிடுங்கள். நாக்கு சுருட்டுவதை 1940-இல் மெண்டலிய பண்பு என்று எழுதிய மரபியலாளர் ஸ்டர்ட்வன்ட்டே பிறகு அதைக் கைவிட்டார், ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களில் ஒருவரால் முடிந்து மற்றவரால் முடியாமல் இருப்பது உண்டு.

இரத்த வகை உண்மையான உதாரணம், அதுவும் நொதிக் கதைதான். ஏ அல்லீல் ஒரு நொதியைத் தருகிறது, அது சிவப்பணுவின் மேல் ஒரு வகைச் சர்க்கரையை ஒட்டுகிறது. பி அல்லீலின் நொதி வேறொரு சர்க்கரையை ஒட்டுகிறது. ஓ அல்லீல் பெரும்பாலும் ஒரே ஓர் எழுத்து விடுபட்டதால் வேலை செய்யாத நொதி. இந்தச் சர்க்கரைகள் ஒட்ட அடியில் எச் என்ற அடித்தளம் வேண்டும், அதைக் கட்டும் நொதியே இல்லாதவர்களை 1952-இல் பம்பாயில் பெண்டேயும் உடன் பணியாற்றியவர்களும் கண்டறிந்தார்கள். அதனால்தான் அதற்குப் பாம்பே இரத்த வகை என்று பெயர். சாதாரணச் சோதனையில் ஓ போலத் தெரியும், ஏ அல்லது பி மரபணு உள்ளே இருந்தாலும் வெளியே தெரியாது, பிள்ளைக்கு மட்டும் போய்ச் சேரும்.

ஆய்வு எப்படி? ஏற்கெனவே தெரிந்த இரத்த வகையை மட்டும், பெயர் இல்லாமல், சீட்டு எழுதி பெட்டியில் போடச் சொல்லுங்கள். யாருக்கும் விரலில் குத்தாதீர்கள். அப்பா அம்மாவின் வகையைக் கேட்டுக் குடும்ப வரைபடம் போடவும் வேண்டாம். ஒரு சீட்டால் ஒரு வீட்டில் பிரச்சினை வர உங்கள் புராஜெக்ட் காரணமாகக் கூடாது. ஓ வகைக்கு இரண்டு ஓ அல்லீல் சேர வேண்டும், ஆகவே ஓ வகையினரின் பங்குக்கு வர்க்கமூலம் எடுத்தால் ஓ அல்லீலின் நிகழ்வெண் கிடைக்கும். உதாரணத்துக்கு 36 சதவீதம் ஓ என்றால் 0.6. ஹார்டியும் வைன்பெர்கும் 1908-இல் தந்த சமன்பாட்டிலிருந்து வருவது இது.

படி 8: எழுதுவதும் கழுவுவதும்

அறிக்கையில் சராசரியோடு மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் போடுங்கள், படிப்பவர் விலகலைப் பார்க்கட்டும். நீங்கள் மாற்றியது கிடை அச்சில், அளந்தது செங்குத்து அச்சில், அலகு இல்லாத அச்சு வேண்டாம். "நிரூபிக்கப்பட்டது" என்ற சொல்லைத் தவிர்த்து, "இந்த அளவுகளில் இப்படிக் கண்டோம்" என்று எழுதுங்கள். எதிர்பார்த்ததற்கு மாறாக வந்த புள்ளியை அழிக்காமல் வரைபடத்திலேயே விட்டு, ஏன் அப்படி வந்திருக்கலாம், அதைச் சோதிக்க என்ன செய்வீர்கள் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். வைவாவில் பெரும்பாலும் அந்தப் புள்ளியைத்தான் கேட்பார்கள்.

மிச்சமான பெராக்சைடை நிறையத் தண்ணீரோடு சிங்கில் ஊற்றலாம். ஸ்டார்ச் தட்டுகளில் இரவு முழுக்க பிளீச் ஊற்றி வைத்துவிட்டு மறுநாள் குப்பையில் போடுங்கள், ஆனால் வினிகர் இருந்த பாத்திரத்தில் பிளீச் ஊற்றாதீர்கள், குளோரின் வாயு வரும். மிக்ஸி ஜாரை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அம்மாவிடம் கொடுங்கள்.